குழுவில் யார் வீடு எங்கே? செலவில்லாமல் ஒரு வரைபடம்

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



இன்றைக்குக் கிராமத்தில் ஏதாவது ஒரு குழுவில் சேராத குடும்பம் அபூர்வம். அம்மா மகளிர் குழுவில் இருப்பார். அப்பா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தில் இருப்பார். மகன் உழவர் உற்பத்தியாளர் குழுவில் இருப்பான். தமிழ்நாட்டில் 2017-18-ஆம் ஆண்டு கூட்டுப் பண்ணையத் திட்டம் தொடங்கியபோது சிறு, குறு விவசாயிகளை இருபது இருபது பேராகச் சேர்த்து ஆர்வலர் குழு அமைத்தார்கள். அப்படி ஐந்து குழு சேர்ந்தால் 100 பேர் கொண்ட ஓர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. பண்ணைக் கருவிகள் வாங்கி எல்லோரும் பொதுவில் பயன்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். பொதுப் பணத்தில் வாங்கிய பவர் டில்லரை எங்கே நிறுத்துவது? பால் கேனை எந்தத் தெருமுனையில் வைப்பது? கூட்டத்தை எந்தத் திண்ணையில் கூட்டுவது? பல ஊர்களில் இதற்கு யோசனையே கிடையாது. தலைவர் வீட்டில் கொட்டகை இருக்கும், அங்கே நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டிய நாளில் வண்டி கிடைக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையில் இருக்கிறவருக்கு, வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரிப்பதற்குள் பருவம் போய்விடும். ஒரு வருஷம் பார்ப்பார், இரண்டு வருஷம் பார்ப்பார். அப்புறம் சந்தா கட்டுவதை நிறுத்திவிடுவார். "அவருக்குக் குழுவில் அக்கறை இல்லை" என்று நாம் சொல்லிவிடுவோம். உண்மையில் அவருக்கு இல்லாதது அக்கறை அல்ல, அருகாமை.

இதைச் சரி செய்ய ஒரு சின்ன வழி இருக்கிறது. காசு செலவு கிடையாது. உறுப்பினர் எல்லோருடைய வீட்டையும் நிலத்தையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பதுதான் அந்த வழி. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பதிவேடு சொல்லாத சேதி

உங்கள் குழுவின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தெரு, நில அளவு, செலுத்திய தொகை எல்லாம் சுத்தமாக இருக்கும். யார் யார் உறுப்பினர் என்று அது சொல்லும். ஆனால் யார் யாருக்குப் பக்கம், யார் தூரம், எந்தப் பக்கம் கூட்டம், எந்தப் பக்கம் காலி என்று சொல்லாது. 17-ஆம் எண்ணும் 18-ஆம் எண்ணும் ஏட்டில் அடுத்தடுத்த வரிதான். ஊரில் அவர்களுக்கு நடுவே ஓர் ஏரியே இருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதற்கு உலகம் அறிந்த ஒரு பழைய உதாரணம் உண்டு. 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் ஒரு பேட்டையில் காலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றினால் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டார். பதிவு அலுவலகத்தில் 83 பேரின் மரணப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் வீடும் எங்கே என்று பார்த்துக்கொண்டே போனார். அநேகமாக எல்லா வீடும் பிராட் தெரு என்ற தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. பத்துப் பேர் வீடு மட்டும் வேறு பம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வீடுகளில் போய் விசாரித்தார். "நாங்கள் எப்போதும் பிராட் தெருத் தண்ணீரைத்தான் குடிப்போம்" என்று ஐந்து குடும்பத்தார் சொன்னார்கள். இன்னும் மூன்று பேர், அந்தப் பம்புக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த பிள்ளைகள். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிற்பாடு அவர் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு கோடு போட்டு வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது.

இதில் நமக்கு இரண்டு பாடம். பட்டியலில் ஒளிந்திருந்த சேதி படத்தில் வெளியே வந்தது, இது ஒன்று. படம் கேள்வியைத்தான் கிளப்பும், பதிலை வீட்டு வாசலில் போய்த்தான் கேட்க வேண்டும், இது இரண்டு. இரண்டாவது பாடத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கீழ்க்கட்டளைப் பக்கம் நடந்தது

"லண்டன் கதை இருக்கட்டும் சார், நம்ம பக்கம் என்ன?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் பக்கத்தில் கீழ்க்கட்டளை இருக்கிறது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பல்லாவரம் நகராட்சியோடு இந்தப் பகுதியும் அதில் சேர்ந்தது. அங்கே ஓர் ஏரி உண்டு. ஏரிப் பாசனம் பார்த்த வயல் எல்லாம் இன்று வீட்டு மனை.

இந்த வட்டாரத்துக்கு வரைபடத்தோடு பழைய உறவு உண்டு. இந்தியா முழுவதையும் முறையாக அளந்த பெரிய முக்கோண அளவை வேலை 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலையில்தான் ஆரம்பித்தது. வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 100 அடி நீள எஃகுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார். இன்றைய கீழ்க்கட்டளை வட்டாரம் அந்த இரண்டு முனைக்கும் இடையில்தான் இருக்கிறது. அவர் கொண்டுவந்த கோணம் பார்க்கும் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அதைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமானது என்பது சரித்திரம். அன்று அரை டன் கருவியும் ஆள் படையும் வேண்டியிருந்த வேலையில் நமக்கு வேண்டிய அளவை, இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனே செய்துவிடுகிறது.

அதே வட்டாரத்தில் 2015-ல் ஒரு காரியம் நடந்தது. அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலைப் பார்க்கும். வழியெல்லாம் வீடாகிவிட்டதால் தண்ணீர் தெருவில் நின்றது. எந்தத் தெருவில் போகலாம், எந்தத் தெருவில் போகக்கூடாது என்று யாருக்கும் புரியவில்லை.

அப்போது அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச வரைபடத்தை வைத்துக்கொண்டு, சென்னைக்கு ஒரு வெள்ளப் படம் தயார் செய்தார்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறதா? படத்தில் அந்தத் தெருவைத் தொட்டுக் குறித்துவிட வேண்டியது. அவ்வளவுதான். பொதுமக்களே ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். ஒரு மனிதர் சொன்னால் ஒரு தெருச் சேதி. ஊரே சொன்னால் அது ஒரு படம். வெள்ளம் எந்தப் பக்கம் கோத்து நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. அந்தப் படத்தில் குறித்தது தெருவைத்தான், ஆள் பெயரை அல்ல. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் என்ற சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றது. தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்ளும் அவசியம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஏரியின் கலங்கலுக்குக் கீழே, ஓடை ஓரத்தில் மாடு கட்டியிருக்கிற உறுப்பினர் யார் யார் என்று மழைக்கு முன்னாலேயே உங்கள் பால் சங்கத்துக்குத் தெரிந்திருந்தால், இரவு பத்து மணிக்கு யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மனிதர் மாடியில் ஏறிவிடுவார். கட்டிப் போட்ட மாடு என்ன செய்யும்?

என்னென்ன இலவசக் கருவிகள் உண்டு?

முதலாவது, இப்போது சொன்ன ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. உலகம் முழுவதும் தொண்டர்கள் ரோடு, குளம், கோயில், பள்ளிக்கூடம் என்று குறித்துக் குறித்து வளர்ந்த பொது வரைபடம். உங்கள் ஊர் வாய்க்கால் அதில் இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம்.

இரண்டாவது, யூமேப். அந்தப் பொது வரைபடத்தின் மேல் உங்கள் சொந்தப் புள்ளிகளை வைத்துக்கொள்ள உதவும்.

மூன்றாவது, கூகுள் கம்பெனியின் மை மேப்ஸ். செல்போனில் வழி பார்க்கிற கூகுள் மேப்ஸ் வேறு, இது வேறு. இதைக் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். ஒரு பட்டியலில் 2,000 வரி வரை ஏற்றலாம். நம்முடைய 100 பேர் குழுவுக்கு இது தாராளம்.

நான்காவது, கியூஜிஐஎஸ். கொஞ்சம் படித்துப் பழக வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் விட்டுவிடுங்கள், அவர்கள் கற்றுக்கொள்வார்கள். இதுவும் இலவசம்தான்.

"படம் போடுவதற்கு அனுமதி வாங்க வேண்டாமா?" என்று சிலருக்குப் பயம் இருக்கும். மத்திய அரசு 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்படி இந்தியர்கள் இம்மாதிரி வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் ராணுவம், விமானப் படை, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்கள் பக்கம் போகாதீர்கள். அது நமக்கு வேண்டாத வேலை.

முதலில் கோலமாவு, பிறகு செல்போன்

நேராகக் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். முதல் வேலையைத் தரையில் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத் திடலிலோ குழுவைக் கூட்டுங்கள். கோலமாவால் ஏரியை வரையுங்கள், ரோட்டை வரையுங்கள், வாய்க்காலை வரையுங்கள். அவரவர் வீட்டுக்கு அவரவரே ஒரு புளியங்கொட்டை வைக்கட்டும். நிலத்துக்கு ஒரு கூழாங்கல் வைக்கட்டும். பங்கேற்பு முறை மதிப்பீடு என்று எங்கள் துறையில் இதைச் சொல்வோம். நீங்கள் விளையாட்டு என்று சொன்னாலும் சரிதான். யார் வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும், மழை நாளில் எந்தப் பாதை மூழ்கும் என்பதெல்லாம் தாய்மார்களுக்கு அத்துப்படி. அவர்களை ஓரமாக நிற்க வைக்காமல் மாவை அவர்கள் கையில் கொடுங்கள்.

அதற்குப் பிறகு செல்போன். வீட்டு விலாசத்தை வைத்துக் கம்ப்யூட்டர் இடத்தைக் கண்டுபிடிக்கும் என்று நம்பாதீர்கள். "கிழக்குத் தெரு" எந்த ஊரில் இல்லை? "வேப்ப மரத்துக்கு எதிர் வீடு" என்றால் கம்ப்யூட்டருக்கு என்ன புரியும்? ஆகவே நேரில் போய்த்தான் எண் எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை இது:

1. வீட்டு வாசலில், திறந்த வானம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கூரைக்கு அடியிலும் அடர்ந்த மரத்துக்கு அடியிலும் எண் தள்ளிக் காட்டும்.

2. செல்போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நீங்கள் நிற்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். மேலே இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது எண் தீர்க்கரேகை.

3. புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் எழுதினால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். ஐந்து இலக்கம் எழுதினால் ஒரு மீட்டர் சொச்சம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். வீட்டுக்கு நான்கு இலக்கம் போதும்.

4. எழுதியதைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் முதல் எண் 8-லிருந்து 13-க்குள் தொடங்கும், இரண்டாவது எண் 76-லிருந்து 80-க்குள் தொடங்கும். கீழ்க்கட்டளை ஏறக்குறைய 12.95, 80.18. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் உங்கள் உறுப்பினர் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் போய் நிற்பார்.

வீட்டையும் நிலத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். கீழ்க்கட்டளை மாதிரி நகரத்தை ஒட்டிய ஊர்களில் வீடு ஓரிடம், நிலம் பத்து கிலோமீட்டர் தள்ளி வேறிடம் என்பது சகஜம். பால் கேனுக்கு வீடு முக்கியம். டில்லருக்கு நிலம் முக்கியம். ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்தால் கணக்குத் தப்பும்.

இனி பட்டியல். கம்ப்யூட்டரில் ஒரு தாளில் இவ்வளவு போதும்: உறுப்பினர் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, குக்கிராமம், நிலம் எத்தனை ஏக்கர், கறவை மாடு எத்தனை. பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். எண்ணுக்கு உரிய பெயர் செயலாளர் கையில் இருக்கும் காகிதப் பதிவேட்டில் இருந்தால் போதும். அந்தப் பட்டியலை மை மேப்ஸில் ஏற்றி, எந்தப் பத்தி அட்சரேகை, எந்தப் பத்தி தீர்க்கரேகை என்று காட்டினால் புள்ளிகள் தாமாக வந்து உட்காரும். யூமேப் என்றால் அந்தப் பத்திகளின் தலைப்பை ஆங்கில எழுத்தில் லேட், லான் என்று போடுங்கள். குக்கிராமத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால் பார்ப்பதற்கும் தெளிவு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அரை நாள் வேலை.

படத்தை எப்படிப் படிப்பது?

புள்ளி வைப்பதோடு வேலை முடியவில்லை. படத்தை மூன்று தடவை பார்க்க வேண்டும்.

முதல் தடவை, புள்ளி எங்கே கூட்டமாக இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரே ரோட்டில் பத்து உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஊருக்குள், ஒருவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி, மூன்று பேர் நான்கு கிலோமீட்டர் தள்ளி. எல்லோருக்கும் நடுவில் வைப்பதுதானே நியாயம் என்று இரண்டாவது கிலோமீட்டரில் கொட்டகை போட்டால், பத்துப் பேரும் போகிற தூரம் மொத்தம் 19 கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே போட்டால் மொத்தம் 13 கிலோமீட்டர். ரோட்டின் நடு வேறு, ஆட்களின் நடு வேறு என்று இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் ஊருக்குள்ளேயே வைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த மூன்று பேர் ஒவ்வொரு தடவையும் நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். மொத்தம் குறைந்தது அவர்கள் முதுகில்தான். ஆகவே கொட்டகை ஊருக்குள் இருக்கட்டும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வண்டி அந்தக் கடைசிக்குப் போய் நிற்கட்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். டீசல் செலவைக் குழுவே ஏற்கட்டும். படம் கணக்குச் சொல்லும், நியாயத்தை நீங்கள்தான் கூடிப் பேச வேண்டும்.

இரண்டாவது தடவை, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படத்தில் காட்டுவது நேர்க்கோட்டுத் தூரம். ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு வீடு, அந்தக் கரையில் ஒரு வீடு என்றால் படத்தில் பக்கம்தான். கரையைச் சுற்றிப் போனால்தான் தூரம் தெரியும். பாலத்தில் இடைவெளி இல்லாத ரயில் பாதை, தடுப்புச் சுவர் வைத்த அகல ரோடு, மழையில் மூழ்கும் தரைப்பாலம் எல்லாம் இப்படித்தான். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக முடியுமா என்று கீழ்க்கட்டளைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே கோலமாவுப் படத்தில் தாய்மார்கள் காட்டிய பாதையை வைத்துத் தூரத்தைத் திருத்துங்கள்.

மூன்றாவது தடவை பார்ப்பதுதான் முக்கியம். புள்ளியே இல்லாத இடத்தைப் பாருங்கள். விவசாயம் நடக்கிற இடம், மாடு இருக்கிற இடம், ஆனால் படத்தில் ஒரு புள்ளி கூட இல்லை என்றால் ஏன்? அங்கே இருப்பவர்கள் யார்? காலனி மக்களா? குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களா? கணவனை இழந்து தனியாக விவசாயம் பார்க்கிற பெண்களா? குழு ஆரம்பித்த அன்று அவர்களை யாராவது கூப்பிட்டார்களா? கூட்டம் நடக்கிற திண்ணை அவர்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய திண்ணையா? பதிவேட்டில் இல்லாதவரைப் பதிவேடு எப்படிக் காட்டும்? படம்தான் காட்டும். லண்டன் டாக்டர் செய்தது போல, காரணத்தை ஊகிக்காமல் வாசலில் போய்க் கேளுங்கள். சில சமயம் "யாரும் சொல்லலையே" என்ற ஒரே வார்த்தைதான் பதிலாக வரும். பொதுப் பணத்தில் வாங்கிய கருவி ஒரு தெருவோடு நின்றுவிட்டால், பொது என்ற வார்த்தைக்கு அர்த்தம் இல்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயங்கள்

நல்ல கருவி எதுவும் கவனம் இல்லாவிட்டால் கையை வெட்டும். நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, சம்மதம். ஒருவர் வீட்டைக் குறிப்பதற்கு முன் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அல்லது தெருமுனையைக் குறியுங்கள். தனிமனிதர் விவரங்களைக் காப்பதற்காக 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது.

இரண்டு, பூட்டு. மை மேப்ஸ், யூமேப் எதுவானாலும் "யார் பார்க்கலாம்" என்று ஒரு இடம் இருக்கும். அங்கே போய், குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீடு எது, பத்து மாடு நிற்கும் கொட்டகை எது என்று ஊர் பேர் தெரியாதவருக்குக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? ஆதார் எண், கடன் பாக்கி, போன் நம்பர் ஆகியவற்றைப் படத்தில் ஏற்றவே கூடாது. வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைச் சுற்றவிடாதீர்கள், போனது திரும்பாது.

மூன்று, பொதுவும் சொந்தமும் கலக்கக் கூடாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் உலகத்துக்கே திறந்த படம். அதில் உங்கள் ஊர்க் குளம், மதகு, கால்நடை மருந்தகம், நியாய விலைக் கடை எல்லாம் தாராளமாகச் சேருங்கள். ஊருக்கே உபகாரம். ஆனால் "இது இன்னார் வீடு" என்று அதில் எழுதாதீர்கள்.

நான்கு, இந்தப் புள்ளி பட்டா ஆகாது. வெட்ட வெளியிலேயே செல்போன் எண் ஐந்து மீட்டர் அளவுக்கு முன்னே பின்னே இருக்கும். வரப்புத் தகராறுக்கு இந்தப் படத்தைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். எல்லைக்குப் புல எண்ணும் புலப்படமும்தான் ஆதாரம். அதற்கு நில அளவையரிடம்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தப் படம் ஒரு தடவை போட்டுச் சட்டம் மாட்டி வைக்கிற சாமி படம் அல்ல. வருஷத்துக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன்னால் ஆவணியிலோ புரட்டாசியிலோ திருத்துங்கள். புது உறுப்பினரைச் சேருங்கள். நிலத்தை விற்றவர், வீடு மாறியவர் புள்ளியை மாற்றுங்கள். திருத்திய படத்தைப் பொதுக்குழுவில் வைத்து, கொட்டகை, பால் கேன், கூட்ட இடம் மூன்றும் இன்னும் சரியான இடத்தில்தான் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே கோலமாவோடு தொடங்கிவிடுங்கள். ஒரு படி மாவு, ஒரு செல்போன், அரை நாள் நேரம், இதற்கு மேல் முதலீடு இல்லை. படத்தில் கடைசிப் புள்ளியாக இருப்பவர் வயலுக்கும் பருவத்தில் உழவு நடந்தால், அதுதான் இந்த வேலைக்குக் கிடைக்கிற கூலி. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள்; கூட உட்கார்ந்து செய்து கொடுக்கிறோம்.